பெயரும் இடமும் அமானிதம்

(இலங்கையின் கண்டி மாவட்டத்து மடவளையில் வியாபாரிகளும் ஆசிரியர்களும் இளைஞர்களும் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கடைகளை நேரத்தோடு சாத்திவிட்டு வந்திருக்கிறீர்கள். அந்த நேரத்துக்கு உரிய பெறுமதி இந்தப் பேச்சில் இருக்க வேண்டும். ஆகவே சுற்றிவளைக்காமல், நான் பங்குகொண்ட ஒரு பிழையிலிருந்து தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இணையத்தளங்களுக்கு இடம் கொடுக்கும் ஒரு ஹோஸ்டிங் கொம்பனியில் வேலை செய்தேன். முறைப்பாட்டு மின்னஞ்சல்களைப் பார்ப்பது என் பொறுப்பு. நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்து வேலைக்கு வந்த காலை, அந்த மின்னஞ்சல் பெட்டியைத் திறந்தேன். பெருநாளுக்கு முந்திய மாலையில் வந்த கடிதமொன்று வாசிக்கப்படாமல் கிடந்தது. வெளிநாட்டு வங்கியொன்று எழுதியிருந்தது: உங்கள் சேர்வரில் எங்கள் வங்கியைப் போல ஒரு போலிப் பக்கம் இருக்கிறது, உடனே அகற்றுங்கள்.

தேடிப் பார்த்தேன். அது கண்டி மாவட்டத்துக் கிராமப் பாடசாலையொன்றின் பழைய மாணவர் சங்கத்துத் தளம். இல்ல விளையாட்டுப் போட்டிப் படங்கள் இருந்த கோப்புறைக்குள் இன்னொரு கோப்புறை. அதற்குள் அந்த வங்கியின் சின்னம், நிறம், எழுத்து எல்லாம் அச்சு அசலாக இருந்தன. பக்கத்தில் ஒரு சிறிய எழுத்துக் கோப்பு. திறந்தேன். வரிக்கு ஒரு மனிதர். பெயர், அட்டை இலக்கம், அட்டையின் பின்பக்கத்து மூன்று இலக்கங்கள், திகதி, நேரம். மொத்தம் 31 வரிகள். நேரங்களை ஒப்பிட்டுப் பார்த்தேன். வங்கியின் கடிதம் எங்களிடம் வந்து சேர்ந்தபோது அந்தக் கோப்பில் நான்கு வரிகள்தான் இருந்தன. மற்ற 27 பேரும் நாங்கள் பெருநாள் கொண்டாடிய நாட்களில் ஏமாந்தவர்கள்.

அந்தப் பதற்றத்தில் இரண்டாவது பிழையையும் செய்தோம். சங்கத்தின் கணக்கு முழுவதையும் முடக்கினோம். தளம் போனது, அவர்களுடைய மின்னஞ்சல் போனது, புலமைப்பரிசில் உதவிக்கு விண்ணப்பிக்கும் பக்கமும் போனது. அன்று பின்னேரம் சங்கத்தின் செயலாளர், ஓய்வுபெற்ற ஆசிரியர், போன் எடுத்தார். அவர் கோபப்படவில்லை. “மகன், கள்ளன் பூந்தது எங்கட ஊட்டுக்குள்ள. நீங்க எங்களயே வெளியால போட்டுப் பூட்டிட்டீங்களே” என்றார்.

கேட்க வேண்டிய நேரத்தில் நாங்கள் கேட்கவில்லை. கேட்ட பிறகு, அளவுக்கு மீறிப் பூட்டினோம். டொமைன், ஹோஸ்டிங் துஷ்பிரயோகம் என்ற பெரிய விடயத்தில் உலகம் முழுவதும் திரும்பத் திரும்ப நடக்கும் பிழைகள் இவை இரண்டுந்தான். தாமதமும் குற்றம், கண்மூடித்தனமான அவசரமும் குற்றம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

பெயர்ப்பலகையும் கடையும்

பஸாரில் ஒரு கடை போடுவதற்கு இரண்டு விடயம் வேண்டும். ஒன்று பெயர்ப்பலகை, மற்றது வாடகைக்கு எடுக்கும் இடம். இணையத்தில் பெயர்ப்பலகைதான் டொமைன். இடந்தான் ஹோஸ்டிங். பெயரை விற்பவர் ஒருவர், இடத்தை வாடகைக்குத் தருபவர் வேறொருவராக இருக்கலாம். அந்தப் பெயர் இந்த இடத்தைக் காட்டுகிறது என்று எழுதி வைக்கும் பெரிய ஏடு ஒன்றும் உண்டு. 1983இல் போல் மொக்கபெட்ரிஸ் என்ற அமெரிக்க அறிஞர் அந்த ஏட்டின் முறையை வகுத்தார். நம் நாட்டுக்குரிய டொட் எல்கே பெயர்களின் பதிவகம் 1990இல் தொடங்கியது. மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜிஹான் டயஸ் அதை நிறுவினார். 2010இல் டொட் இலங்கை என்று தமிழிலேயே பெயர் பதியும் வசதியும் வந்தது.

அந்த ஏட்டில் யாராவது கை வைத்தால் என்ன ஆகும்? நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். 2021 பெப்ரவரி 6, சுதந்திர தினம் கழிந்து இரண்டாம் நாள், சனிக்கிழமை. காலையில் கூகுளின் டொட் எல்கே முகவரியைத் தட்டியவர்களுக்குத் தேடல் பக்கம் வரவில்லை. தேயிலைத் தொழில், ஊடக சுதந்திரம், சிறுபான்மையினர் பிரச்சினை என்று பேசும் வேறொரு பக்கம் வந்தது. கூகுளின் சேர்வரை யாரும் உடைக்கவில்லை. பெயரை இடத்தோடு இணைக்கும் பதிவுதான் மாற்றப்பட்டது. கடை அதே இடத்தில் பத்திரமாக இருக்க, பலகை மட்டும் வேறு வாசலைக் காட்டியது. நல்லவேளையாக அங்கே காட்டியது ஓர் அரசியல் பக்கம். அதுவே ஒரு போலி வங்கிப் பக்கமாக இருந்திருந்தால், அந்தக் காலைக்குள் எத்தனை வீடுகள் நட்டப்பட்டிருக்கும்?

மூன்று நோய், மூன்று மருந்து

துஷ்பிரயோகம் என்று ஒரே சொல்லில் சொல்கிறோம். உள்ளே மூன்று வேறு நோய்கள் இருக்கின்றன.

முதலாவது, ஏமாற்றுவதற்கென்றே வாங்கப்படும் பெயர். அஞ்சல் திணைக்களத்திலிருந்து வருவது போலக் குறுஞ்செய்தி வருகிறது: உங்கள் பார்சல் நிற்கிறது, முகவரியைச் சரிசெய்யுங்கள், சிறு தொகை கட்டுங்கள். கீழே ஒரு லிங்க். வெளிநாட்டு வேலை, ஹஜ் உம்ரா பயணம், நிவாரண நிதி என்றும் இதே வலை விரிக்கப்படுகிறது. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன நம் நாட்டு இளைஞர்கள் மியன்மாரின் மியாவடிப் பகுதியில் அடைக்கப்பட்டு, மற்றவர்களை இணையத்தில் ஏமாற்றும் வேலையைச் செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டதை நாம் அறிவோம். போலிப் பெயரின் மறுமுனையில் இருப்பவனும் சில வேளை ஒரு தாயின் கண்ணீருக்குரிய பிள்ளை.

இரண்டாவது, நல்ல மனிதரின் தளத்துக்குள் கள்ளன் புகுந்து குடியிருப்பது. நான் சொன்ன பழைய மாணவர் சங்கத்தின் கதை இதுதான். வேர்ட்பிரஸ் தளத்தைச் செய்து கொடுத்த பையன் வெளிநாடு போயிருப்பான். பிறகு யாரும் அதைப் புதுப்பித்திருக்க மாட்டார்கள். பழைய பிளகின் ஒன்றின் ஓட்டை வழியாகக் கள்ளன் நுழைவான்.

மூன்றாவது, பெயரையே களவு கொடுப்பது. கடவுச்சொல்லைத் திருடி மாற்றிக்கொள்வதும் உண்டு, புதுப்பிக்க மறந்த பெயரை இன்னொருவர் எடுத்துக்கொள்வதும் உண்டு. டொட் கொம் போன்ற பெயர்கள் காலாவதியானால், விற்பனையாளரைப் பொறுத்து அதிகபட்சம் 45 நாள் சலுகை, பிறகு கூடுதல் பணம் கட்டி மீட்க 30 நாள், பிறகு அழியக் காத்திருக்கும் 5 நாள். அதற்குப் பின் சந்தைக்கு வந்துவிடும். பத்து வருடம் உங்கள் கடையின் பெயரோடு இருந்த முகவரியில் சூதாட்டப் பக்கம் திறக்கும்.

மூன்று நோய்க்கும் ஒரே மருந்து கொடுத்தால் நோயாளி சாவான். ஏமாற்றவே வாங்கிய பெயரானால், பெயரையே முடக்க வேண்டும். தயக்கம் வேண்டியதில்லை, சில மணித்தியாலங்களுக்குள் செய்ய வேண்டும். கள்ளன் புகுந்த வீடானால், அந்தப் பக்கத்தை மட்டும் அகற்ற வேண்டும், ஓட்டையை அடைக்க வேண்டும், வீட்டுக்காரருக்கு அறிவிக்க வேண்டும். பெயரை முடக்குவது அங்கே அநியாயம். ஏனென்றால் பெயர் போனால் தளம் மட்டும் போவதில்லை, அந்தப் பெயரில் ஓடும் மின்னஞ்சல் முழுவதும் நின்றுவிடும். பெயரே களவு போயிருந்தால், முதலில் இடமாற்றத்தைப் பூட்ட வேண்டும், பிறகு உரிமையைச் சோதித்து உரியவருக்கு மீட்டுக் கொடுக்க வேண்டும். எந்த நோய் என்று பார்த்துச் சொல்வதற்கு, முறைப்பாட்டுப் பெட்டிக்கு முன்னால் அறிவும் பொறுமையும் உள்ள ஒரு மனிதர் இருக்க வேண்டும்.

கேட்கும் காது

முறைப்பாட்டுக்கென்று ஒரு பொதுவான மின்னஞ்சல் முகவரி இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு 1997இலேயே இணையப் பொறியியலாளர்களால் எழுதி வைக்கப்பட்டது. முகவரி எல்லாரிடமும் இருக்கிறது. வாசிக்கும் ஆள் இல்லை என்பதுதான் சிக்கல்.

வாசிக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு மெக்கோலோ ஒரு பாடம். கலிபோர்னியாவில் சான் ஹோசே நகரத்தில் இருந்த ஹோஸ்டிங் கொம்பனி அது. உலகத்துக் குப்பை மின்னஞ்சலின் பெரும்பகுதியை இயக்கிய சேர்வர்கள் அங்கே குடியிருந்தன. முறைப்பாடுகள் போயின, பலனில்லை. வொஷிங்டன் போஸ்ட் பத்திரிகையாளர் பிரயன் கிரெப்ஸ் ஆதாரங்களைத் திரட்டி, மெக்கோலோவுக்கு இணைய இணைப்புக் கொடுத்தவர்களிடம் காட்டினார். 2008 நவம்பர் 11ஆம் திகதி அவர்கள் இணைப்பைத் துண்டித்தார்கள். உலகக் குப்பை மின்னஞ்சல் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உடனே குறைந்தது. இடத்தை வாடகைக்குத் தருபவர் ஒரே ஒருவர் கண்ணை மூடிக்கொண்டதன் விலை அவ்வளவு. சில மாதங்களில் குப்பை மீண்டும் பெருகியது என்பதையும் சொல்ல வேண்டும். ஓரிடத்தில் துரத்தப்பட்டவன், கேள்வி கேட்காத அடுத்த வீட்டைத் தேடிப் போகிறான்.

கேள்வி கேட்காமல் கொடுத்த இன்னொரு கதை ஃப்ரீநொம். டோக்கெலாவ் என்ற குட்டித் தீவுக்கூட்டத்தின் டொட் டிகே முதலிய பெயர்களை அந்தக் கொம்பனி இலவசமாகக் கொடுத்தது. ஏழை மாணவருக்கு அது உதவிதான். ஆனால் நூறு பெயர் எடுத்து நூறு பேரை ஏமாற்றிவிட்டு எறிந்து போகிறவனுக்கு அது பேருதவி. மெட்டா கொம்பனி வழக்குப் போட்டது. 2023 தொடக்கத்தில் புதிய பதிவுகள் நின்றன. 2024 பெப்ரவரியில் டொமைன் தொழிலை விட்டே விலகுவதாக ஃப்ரீநொம் அறிவித்தது. யாரிடம் கொடுக்கிறோம் என்று பாராமல் கொடுப்பது தர்மமாகிவிடாது.

இந்த அனுபவங்களுக்குப் பிறகு, உலகப் பெயர் முறையை ஒருங்கிணைக்கும் ஐகான் நிறுவனம் தன் ஒப்பந்தங்களைத் திருத்தியது. 2024 ஏப்ரல் 5ஆம் திகதியிலிருந்து, போலிப் பக்கம், தீய மென்பொருள், அவற்றைச் சுமந்துவரும் குப்பை மின்னஞ்சல் போன்றவற்றுக்குத் தக்க ஆதாரம் கிடைத்தால், பெயரை விற்ற நிறுவனம் தாமதமின்றி நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். ஆனால் நாடுகளுக்குரிய பெயர்கள் இந்த ஒப்பந்தத்துக்குள் வருவதில்லை. டொட் எல்கேயின் ஒழுங்கை நாம்தான் காக்க வேண்டும். கண்டியில் உட்கார்ந்து ஹோஸ்டிங்கை மறுவிற்பனை செய்யும் தம்பிமாரும் சங்கிலியின் ஒரு கண்ணி. அவர்கள் கண்ணை மூடிக்கொண்டால் மேலே உள்ள ஒப்பந்தம் கீழே வந்து சேராது.

நம் ஊர் பட்ட பாடு

தாமதம், பிறகு அளவுமீறல் என்று நான் ஆரம்பத்தில் சொன்னேன். அந்த இரண்டையும் மடவளைக்கும் அக்குறணைக்கும் திகனவுக்கும் தெரிந்த அளவுக்கு உலகத்தில் வேறு யாருக்குத் தெரியும்? 2018 மார்ச் மாதம் முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புப் பதிவுகள் பேஸ்புக்கில் ஓடின. சிங்களத்தில் எழுதப்பட்டவற்றைச் சுட்டிக்காட்டி முறையிட்டவர்களுக்கு உரிய பதில் கிடைக்கவில்லை. கேட்க வேண்டிய காது கேட்கவில்லை. வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்ட பிறகு, மார்ச் 7ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் எல்லாம் நாட்டுக்கே முடக்கப்பட்டன. வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள், உம்மா வாப்பா உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்கவும் வழியில்லாமல் தவித்தார்கள். ஏறத்தாழ ஒரு வாரம் அந்த நிலை நீடித்தது. 2020 மே மாதம் பேஸ்புக் நிறுவனம் தன் தளம் துஷ்பிரயோகம் செய்யப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டது. இரண்டு வருடம் கழித்து வந்த மன்னிப்பு, எரிந்த கடையின் கூரையைத் திருப்பித் தருமா?

அது சமூக ஊடகத்தின் கதை. டொமைனும் ஹோஸ்டிங்கும் அதே பாதையில்தான் போகின்றன. பெயரை முடக்கும் அதிகாரம் கத்தி போன்றது. போட்டி வியாபாரியைக் கவிழ்க்கப் பொய் முறைப்பாடு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பிடிக்காத செய்தியை எழுதிய தளத்தை மூடச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்த ஊரின் பெயரைத் தாங்கிய செய்தித்தளமே கடல் கடந்து வாசிக்கப்படுகிறது. அதையும் இப்படி மூடச் சொல்லலாம். ஆகவே ஒரு வேறுபாட்டை நாம் அறிந்திருக்க வேண்டும். அட்டை இலக்கம் திருடும் பக்கத்தை அகற்றுவது ஹோஸ்டிங்காரரின் வேலை. அங்கே ஆதாரம் கண்முன் இருக்கிறது. ஒருவரின் கருத்து சரியா பிழையா என்று தீர்ப்பது அவருடைய வேலை இல்லை. அதற்கு நீதிமன்றம் இருக்கிறது. கணினி வழிக் குற்றத்துக்கு 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின் வீச்சு மிகப் பரந்தது என்று ஊடகவியலாளர்களும் சிவில் சமூகத்தினரும் எழுப்பிய கவலையும் இந்த இடத்திலிருந்து பிறந்ததுதான். குற்றத்தை அகற்றும் கை, கருத்தை அகற்றும் கையாக மாறிவிடக் கூடாது.

வலமிருந்து வாசியுங்கள்

இனி வீட்டுக்குக் கொண்டுபோகச் சில விடயங்கள்.

ஒரு லிங்க் உண்மையானதா என்று எப்படிப் பார்ப்பது? நம் பிள்ளைகள் ஐந்து வயதிலேயே குர்ஆன் மத்ரசாவில் வலமிருந்து இடமாக வாசிக்கப் பழகியவர்கள். இணைய முகவரிக்கும் அந்தப் பழக்கந்தான் வேண்டும். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டில் விரலை வைத்து, அங்கிருந்து இடப்பக்கமாக வாருங்கள். ‘உங்கள்வங்கி டொட் எல்கே டொட் பார்சல்பணம் டொட் டொப்’ என்று இருந்தால், இடது பக்கத்தில் தொடங்குபவருக்கு வங்கி தெரியும். வலது பக்கத்தில் தொடங்குபவருக்குப் ‘பார்சல்பணம்’ தெரியும். உண்மையான உரிமையாளர் வலது பக்கத்தில் இருப்பவர்தான். பூட்டுச் சின்னத்தை நம்பாதீர்கள். இடையில் யாரும் ஒட்டுக்கேட்கவில்லை என்பதைத்தான் அது சொல்லும், எதிரில் இருப்பவன் யோக்கியன் என்று சொல்லாது. போலித் தளத்துக்கும் பூட்டு இலவசமாகக் கிடைக்கிறது. மக்கள் தவறாக நம்புகிறார்கள் என்பதால் குரோம் உலாவி 2023இல் அந்தச் சின்னத்தையே எடுத்துவிட்டது.

தமிழில் பெயர் பதிகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ‘மௌலவி’, ‘மெளலவி’ என்று இரண்டு சொற்களை அச்சிட்டிருக்கிறேன். கண்ணுக்கு ஒன்றுதான். முதலாவதில் ஔகாரக் குறி இருக்கிறது. இரண்டாவதில் எகரக் குறியோடு ளகர எழுத்துச் சேர்ந்திருக்கிறது. கணினிக்கு இவை இரண்டு வெவ்வேறு பெயர்கள், விதி தடுக்காவிட்டால் இரண்டு பேர் வாங்கலாம். பழைய தமிழ் இலக்கம் ௧, எழுத்து க இரண்டையும் பாருங்கள். ௭, எ இரண்டையும் பாருங்கள். நம் தாய்மொழிக்குள்ளேயே கள்ளன் ஒளிய இடம் இருக்கிறது. ஒரே தோற்றமுள்ள பெயர்களை ஒருவருக்கே ஒதுக்கும் விதியைப் பதிவகங்கள் இறுக்கமாகக் காக்க வேண்டும். அதைக் கேட்டு எழுத வேண்டியவர்கள் தமிழ் பேசும் நாம்தான்.

கடைக்காரர்களுக்கும் சங்கங்களுக்கும் சொல்கிறேன். பெயர் யாருடைய பெயரில் பதியப்பட்டிருக்கிறது என்று இன்றிரவே பாருங்கள். தளம் செய்து கொடுத்த பையனின் பெயரிலா, உங்கள் பெயரிலா? கடையின் உறுதியை மேசன் பாஸின் பெயரில் யாராவது எழுதுவார்களா? பெயரின் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு வையுங்கள், இடமாற்றப் பூட்டைப் போடுங்கள், காலாவதித் திகதியைக் கலண்டரில் குறியுங்கள். தளத்தின் பிரதியொன்றை வேறோர் இடத்தில் வையுங்கள். 2023 ஓகஸ்ட் மாதம் அரச மேகக் கணினி மீது நடந்த தாக்குதலில், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் போயின. அமைச்சரவை அலுவலகமும் பாதிக்கப்பட்டது. அந்தக் காலத்துக்குப் பிரதி இருக்கவில்லை. அரசாங்கத்துக்கே அந்த நிலை என்றால் நமக்கு எம்மாத்திரம்?

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். முதலில் வங்கிக்கு அறிவித்து அட்டையை நிறுத்துங்கள். பிறகு 2006இல் தொடங்கிய, இணையப் பாதுகாப்புக்குரிய இலங்கை செர்ட் நிறுவனத்துக்கு 101 இலக்கத்தில் சொல்லுங்கள், பொலிஸிலும் முறையிடுங்கள். முறைப்பாட்டில் முழு முகவரி, திகதி, நேரம், திரைப்பிடிப்பு ஆகியவை இருக்கட்டும். ‘உங்கள் சேர்வரில் கள்ளன்’ என்று மட்டும் எழுதினால் யாரும் எதையும் செய்ய முடியாது.

ஹோஸ்டிங் விற்கும் தம்பிமாருக்கும் சில வார்த்தை. வாங்குபவர் யார் என்று கேளுங்கள். ஒருவர் ஒரே இரவில் வங்கிப் பெயருக்கு நெருக்கமான ஐந்து பெயர் கேட்டால், காசை எண்ணுவதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள். முறைப்பாடு வந்தால் வந்து சேர்ந்தது என்று பதில் அனுப்புங்கள். அகற்றுவதற்கு முன் ஆதாரத்துக்குப் பிரதி எடுத்து வையுங்கள். பக்கத்தை மட்டும் அகற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள். முடக்க நேர்ந்தால் காரணத்தையும் திரும்பக் கேட்கும் வழியையும் எழுத்தில் கொடுங்கள். விடுமுறை நாளில் அந்தப் பெட்டியைப் பார்க்க ஒருவரைப் பெயர் குறித்து வையுங்கள். கள்ளனுக்கும் விடுமுறை நாட்காட்டி தெரியும். பெருநாள், வெசாக், தைப்பொங்கல் எல்லாம் அவனுக்கு அறுவடைக் காலம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் பகைத்த மக்கத்துக் குறைஷிகள்கூடத் தங்கள் பொருட்களை அவர்களிடமே ஒப்படைத்து வைத்தார்கள். முன்பே அவர்களை அல்அமீன், அதாவது நம்பிக்கைக்குரியவர், என்று அழைத்தவர்களும் அந்த மக்கள்தான். பெயரை விற்பவரிடமும் இடத்தை வாடகைக்குத் தருபவரிடமும் இருப்பது வெறும் கொம்பியூட்டர் இல்லை. அதன் வழியாக வந்து போகும் முன்பின் தெரியாத மனிதர்களின் நம்பிக்கை, காக்கும்படி ஒப்படைக்கப்பட்ட அமானிதமாக அங்கே இருக்கிறது.

தொடக்கத்தில் சொன்ன கதையில், அன்று அந்த 31 வரிகளையும் வங்கிக்கு அனுப்பினோம். அந்த ஆசிரியரின் சங்கத் தளத்தைச் சுத்தம் செய்து, மறுநாள் திறந்து கொடுத்தோம். அவர் நன்றி சொன்னார். ஆனால் அந்த 27 பேர் யார் என்று எனக்கு இன்றும் தெரியாது. எந்த நாட்டில் எந்த வீட்டில் இருக்கிறார்களோ, அவர்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வழியில்லை. அதற்குப் பிறகு வந்த எந்தப் பெருநாளிலும், தொழுகைக்குப் போவதற்கு முன் நான் என் பொறுப்பில் இருந்த முறைப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் இருந்ததில்லை. எனக்கு முடிந்த பரிகாரம் அது. உங்களிடம் நான் கேட்பதும் அந்தச் சின்ன வேலையைத்தான்.